'தி கிவர்' நாவலைக் கூறு கூறாகப் படிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

கதைமாந்தர், களம், மோதல், கருப்பொருள் என்று நான்கு கட்டம் போட்டு நிரப்பிவிட்டால் நாவல் ஆய்வு முடிந்தது என்றுதான் நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். "கதைமாந்தர்: ஜோனாஸ். களம்: எதிர்காலச் சமூகம். கருப்பொருள்: சுதந்திரம்." இதை நாவலைத் திறக்காமலே எழுதிவிடலாம். பின்னட்டை போதும்.

லோயிஸ் லோரி எழுதிய 'தி கிவர்' அப்படித் தப்பிக்க விடாது. 1993-இல் வெளிவந்து, மறு ஆண்டே, சிறந்த சிறுவர் நூலுக்கு அமெரிக்காவில் தரும் நியூபெரி பதக்கம் வென்ற நாவல். 23 அத்தியாயங்கள்தான். ஆங்கிலம் மிக எளிது. பத்தாம் வகுப்பு மாணவர் அகராதி இல்லாமலே படித்துவிடுவார். ஆனால் ஒவ்வொரு இலக்கியக் கூறும் இதில் ஒரே வேலையைச் செய்கிறது: பன்னிரண்டு வயதுச் சிறுவனிடமிருந்தும் நம்மிடமிருந்தும் எதையோ மறைத்து வைக்கிறது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. இந்த ஒரு நூலிழையைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாம் பின்னாலேயே வரும்.

ஒரு வேண்டுகோள். நாவலை இதுவரை படிக்காதவர்கள் முதலில் ஒரு தடவை பென்சில் இல்லாமல் படித்துவிட்டு வாருங்கள். கதையின் முடிச்சுகள் எல்லாவற்றையும் கீழே அவிழ்த்திருக்கிறேன். தெரியாமல் படிக்கும் அந்த முதல் வாசிப்பு ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும்.

முதல் படி: சொற்களைப் பட்டியலிடுங்கள்

எல்லோரும் கதைச்சுருக்கத்தில் தொடங்குவார்கள். நான் சொற்களில் தொடங்கச் சொல்வேன். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் சொல், இரண்டாவதில் அந்த ஊரில் அதற்கு என்ன பொருள் என்று நினைக்கிறார்கள், மூன்றாவதில் உண்மையில் என்ன பொருள். மூன்றாவது பத்தியைக் காலியாக விட்டுவிட்டுப் படியுங்கள்; அது நிரம்ப நாளாகும்.

பட்டியலில் முதலில் ஏற வேண்டிய சொல் 'விடுவித்தல்'. ஆங்கிலத்தில் 'ரிலீஸ்'. முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடும். பயிற்சி விமானி ஒருவர் வழிதவறி ஊருக்கு மேலே பறந்துவிடுகிறார். அவர் விடுவிக்கப்படுவார் என்று ஒலிபெருக்கி அறிவிக்கிறது. அதே அத்தியாயத்தில், ஆட்டத்தில் சொதப்பிய நண்பன் ஆஷரைப் பார்த்து ஜோனாஸ் ஒருமுறை விளையாட்டாக 'உன்னை விடுவித்தாயிற்று' என்று கத்தியதும், அதற்காகத் திட்டு வாங்கியதும் நினைவாக வருகிறது. முதியோர் இல்லத்தில் ராபர்ட்டோ என்ற கிழவரின் விடுவிப்பை விழாவாகக் கொண்டாடுகிறார்கள்: அவர் வாழ்க்கைக் கதையைச் சொல்கிறார்கள், அவர் மகிழ்ச்சியோடு ஒரு கதவுக்குள் நடந்து போகிறார். எடை குறைந்த பச்சைக் குழந்தையை விடுவித்தால் மட்டும் கொஞ்சம் வருத்தப்படுகிறார்கள். தண்டனை, விழா, வருத்தம், விளையாட்டு. ஒரே சொல்லை நான்கு முகத்தோடு காட்டியிருக்கிறார். எங்கே போகிறார்கள் என்றுதான் யாரும் சொல்வதில்லை. 'வேறிடம்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

19-ஆம் அத்தியாயத்தில்தான் மூன்றாவது பத்தியை நிரப்ப முடியும். அங்கே 'கொலை' என்று எழுதுவீர்கள்.

இந்த இடத்தில் நமக்கு ஒரு நல்ல கருவி கையில் இருக்கிறது. நன்னூல் தகுதி வழக்கை மூன்றாகப் பிரிக்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. செத்தார் என்று சொல்லாமல் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். பொற்கொல்லர்கள் தங்களுக்குள் பொன்னைப் 'பறி' என்று சொல்லிக்கொள்வது குழூஉக்குறி. 'விடுவித்தல்' இந்த இரண்டும் ஒன்றானது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் கூர்ந்து பாருங்கள். 'இயற்கை எய்தினார்' என்று நாம் சொல்லும்போது சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அது சாவு என்று தெரியும். துக்கத்துக்கு ஒரு துணி போர்த்துகிறோம், அவ்வளவுதான். குழூஉக்குறியும் வெளியாளுக்குத்தான் விளங்காது, குழுவுக்குள் எல்லோருக்கும் விளங்கும். ஜோனாஸின் ஊரில் அந்தக் குழுவுக்கே விளங்கவில்லை. போர்வை மட்டும் இருக்கிறது, அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். இந்த வேறுபாட்டை இரண்டு பாராவில் எழுத முடிந்தால் உங்கள் ஆய்வின் பாதி வேலை முடிந்தது.

அடுத்து, அந்த ஊர் ஓயாமல் பேசும் 'சொல் துல்லியம்'. மூன்று வயது ஆஷர் 'ஸ்னாக்' கேட்க வாயெடுத்து 'ஸ்மாக்' என்று சொல்லிவிடுகிறான். பின்னது அடியைக் குறிக்கும் சொல் என்பதால் பிரம்படி கிடைக்கிறது. திரும்பத் திரும்ப அதே தவறு, திரும்பத் திரும்ப அடி. கொஞ்ச நாள் அந்தக் குழந்தை பேச்சையே நிறுத்திவிடுகிறது. இதை அந்த ஊர்க்காரர்கள் சிரித்தபடி சொல்லிக்கொள்கிறார்கள். இதற்கு நேர் எதிரில் 16-ஆம் அத்தியாயத்தை வையுங்கள். ஜோனாஸ் அம்மா அப்பாவிடம் என்மேல் உங்களுக்கு அன்பு இருக்கிறதா என்று கேட்கிறான். அவர்கள் சிரிக்கிறார்கள். அது பொருளற்றுப்போன சொல், துல்லியமாகக் கேள் என்று திருத்துகிறார்கள். சாவுக்கு மழுப்பலான சொல் போதும் என்ற ஊர், அன்புக்குத் துல்லியம் கேட்கிறது. நாவலின் கொடுமை முழுவதும் இந்த இரண்டு காட்சிக்கு நடுவில் இருக்கிறது என்பது என் முடிவு.

இரண்டாம் படி: யார் கண்ணால் பார்க்கிறோம்?

படர்க்கையில்தான் கதை நடக்கிறது. ஆனால் ஜோனாஸுக்குத் தெரிந்தது மட்டுமே நமக்குத் தெரியும். 'வரையறுத்த படர்க்கை நோக்கு' என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடலாம்தான். அதனால் என்ன கிடைக்கிறது என்று பார்க்க மூன்றாம் அத்தியாயத்துக்குப் போங்கள்.

ஜோனாஸும் ஆஷரும் ஆப்பிளைத் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடுகிறார்கள். காற்றில் போகும்போது ஆப்பிள் ஒரு நொடி மாறுகிறது. கையில் வந்து விழுந்ததும் பழையபடி இருக்கிறது. என்ன மாறியது என்று சொல்ல அவனிடம் சொல் இல்லை. 'மாறியது' என்பதற்கு மேல் ஆசிரியரும் ஒரு சொல் தரவில்லை. தின்பண்டத்தை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்ற விதியை மீறி அதை எடுத்துப் போகிறான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறான். கீழே போட்டுப் பார்க்கிறான். மேசையில் உருட்டிப் பார்க்கிறான். ஒன்றும் நடக்கவில்லை. அன்றே ஒலிபெருக்கியில் பெயர் சொல்லாமல் ஓர் எச்சரிக்கை வருகிறது, வெட்கிப்போகிறான்.

அது சிவப்பு என்று 12-ஆம் அத்தியாயத்தில்தான் தெரிகிறது. அப்போதுதான் இன்னொன்றும் நமக்கு உறைக்கிறது: இந்த ஊரில் யாருக்குமே நிறம் தெரியாது. அத்தனை பக்கம் படித்திருக்கிறோம், நமக்கும் அது தோன்றவில்லை! நாமாகவே மனதில் சட்டைக்கும் புல்லுக்கும் நிறம் பூசிக்கொண்டே வந்திருக்கிறோம். இரண்டாம் வாசிப்பில் முதல் சில அத்தியாயங்களில் நிறப்பெயரைத் தேடிப் பாருங்கள். கண்களைப் பற்றிச் சொல்லும்போதுகூட வெளிர், அடர் என்பதோடு நிறுத்தியிருப்பார்.

2014-இல் வந்த திரைப்படம் கறுப்பு வெள்ளையில் தொடங்கியது. கேமராவுக்கு வேறு வழியில்லை. முதல் காட்சியிலேயே பார்வையாளருக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது, பையனுக்குத்தான் தெரியாது. நாவலில் பையனும் நாமும் சேர்ந்தே ஏமாறுகிறோம். பார்வைக்கோணம் என்ற கூறுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

மூன்றாம் படி: களத்தைத் தொல்காப்பியர் வழியில் அளந்து பாருங்கள்

'எதிர்காலத்தில் ஓர் ஊர்' என்று எழுதினால் போதாது. தொல்காப்பியம் சொல்லும் முதல், கரு, உரி என்ற மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். கருப்பொருள் என்றால் அந்த நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். உரிப்பொருள் என்றால் மனிதர்களின் உணர்வு. (இன்று 'தீம்' என்பதற்குக் கருப்பொருள் என்று எழுதுகிறோம், அது வேறு, இது வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இனி நாவலுக்கு வாருங்கள். 'ஒரேதன்மை' என்ற கொள்கைக்காக அந்தச் சமூகம் குன்றுகளைச் சமமாக்கிவிட்டது. தட்பவெப்பத்தைக் கட்டுப்படுத்திப் பனியை இல்லாமல் செய்துவிட்டது. நிலமும் போயிற்று, பொழுதும் போயிற்று. விலங்கு இல்லை, நிறம் இல்லை, இசை இல்லை. கருவும் போயிற்று. அப்புறம் உரி எங்கே நிற்கும்? மாலையில் குடும்பம் உட்கார்ந்து அன்றைய உணர்வுகளை ஒவ்வொருவராகச் சொல்வது ஒரு கட்டாயச் சடங்கு. சொன்னதும் ஆறுதல் சொல்லி முடித்துவிடுகிறார்கள். உணர்வு என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அந்த ஊரில் பழைய உலகின் நினைவுகளை ஒரே ஒருவர்தான் சுமக்கிறார்; அவற்றை அவரிடமிருந்து வாங்கிக்கொள்வதுதான் ஜோனாஸுக்குக் கிடைக்கும் பணி. அவனுக்குக் கொடுக்கும் அவர்தான் தலைப்பில் வரும் 'கிவர்', கொடுப்பவர். இதைவிட வியப்பானது, ஜோனாஸுக்கு நினைவுகள் திரும்பி வரும் வரிசை. முதலில் வருவது பனியும் சரிவும், அப்புறம் வெயில். அடுத்து நிறங்கள். அடுத்து யானை. பிறகு வலி, பசி, போர். 16-ஆம் அத்தியாயத்தில்தான் தாத்தா பாட்டியோடு ஒரு வீடு, பரிசுப்பொருள்கள், விளக்குகள், அன்பு என்ற சொல். ஏறக்குறைய முதல், கரு, உரி என்ற அதே வரிசை. அந்த அமெரிக்க எழுத்தாளர் அகத்திணையியலை நினைத்து எழுதியிருக்க வழியில்லை. நிலம் இல்லாமல் உணர்வு இல்லை என்று நம் முன்னோர் கண்டதை அவர் தன் வழியில் கண்டிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

களத்துக்கு ஒரு சொந்தக் கதையும் உண்டு. லோரி 11 வயதில் டோக்கியோவில் அமெரிக்கர்களுக்கென்று வேலி போட்ட குடியிருப்பில் வாழ்ந்தார். உள்ளே எல்லாம் வசதியாக, பழகியதாக, பாதுகாப்பாக இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலிக்கு வெளியே ஷிபுயா பகுதிக்குப் போய்ச் சுற்றுவாராம். நியூபெரி பதக்க ஏற்புரையில் அவரே சொன்னது இது. நாவலில் ஒன்பது வயதானதும் எல்லாக் குழந்தைகளுக்கும் சைக்கிள் கிடைக்கிறது. கடைசியில் ஜோனாஸ் தப்பிப்பதும் சைக்கிளில்தான்.

நான்காம் படி: மாயம் எந்த விதிப்படி நடக்கிறது?

இதைச் சுருக்கமாகவே பார்க்கலாம். கொடுப்பவர் ஜோனாஸின் வெற்று முதுகில் கை வைக்கிறார், நினைவு அவனுக்குள் போகிறது. எப்படி என்ற அறிவியல் விளக்கம் கிடையாது, தேடவும் வேண்டாம். விதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கொடுத்த நினைவு கொடுத்தவரிடம் இருக்காது. நினைவு அழியாது, வைத்திருப்பவர் ஊரை விட்டுப் போனாலோ இறந்தாலோ அது ஊரார் எல்லோருக்கும் திரும்பிவிடும். பத்தாண்டுக்கு முன், ஜோனாஸுக்கு முன்பு இதே பணிக்கு வந்த ரோஸ்மேரி என்ற பெண்ணுக்கு அப்படி நடந்தது. இந்த இரண்டாவது விதிதான் கதைப்பின்னலின் அச்சாணி. ஜோனாஸ் ஓடிப்போக வேண்டும் என்ற திட்டமே அதன்மேல்தான் நிற்கிறது.

ஐந்தாம் படி: அப்பாவைத் தனியாக எடுத்துப் பாருங்கள்

ஜோனாஸைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் அவன் அப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைக் குழந்தைகளைப் பராமரிப்பது அவர் வேலை. மென்மையானவர். சரியாக வளராத ஒரு குழந்தையைத் தேற்றலாம் என்று அனுமதி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருகிறார். பெயர் வைத்துக் கூப்பிட்டால் உதவும் என்று விதியை மீறிப் பட்டியலில் பெயரை எட்டிப் பார்க்கிறார்: காப்ரியேல். அவனைக் கொஞ்சுகிறார்.

19-ஆம் அத்தியாயத்தில் ஒளிப்பதிவுத் திரையில் அவரையே பார்க்கிறோம். இரட்டைக் குழந்தைகள் பிறந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருவர் இருக்கக் கூடாது. இரண்டையும் எடை போடுகிறார். கனமானவனை அனுப்பிவிடுகிறார். எடை குறைந்தவனின் நெற்றி நரம்பில் ஊசி போடுகிறார். கை நரம்பு மிகச் சிறியதாக இருப்பதால் அங்கே போட முடியவில்லை என்று அந்தக் குழந்தையிடமே சமாதானமாகப் பேசுகிறார். காப்ரியேலைக் கொஞ்சும் அதே குரல். உடல் அடங்கியதும் அட்டைப்பெட்டியில் வைத்துக் குப்பை வழியில் தள்ளிவிட்டுக் கையசைக்கிறார்.

நானும் என் அண்ணன் மகளும் இதைச் சேர்ந்து படித்தோம். அந்தப் பக்கத்தில் அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அத்தை, அவருக்குத் தெரியாமத்தானே பண்றார்?" என்று கேட்டாள். என்னால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. ஊசியில் இருப்பது என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். அது எதைக் குறிக்கிறது என்று தெரியாது. இந்த வகை நாவல்கள் பலவற்றில் ஒரு கொடுங்கோலன் இருப்பான், அவனை வெறுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். இங்கே வெறுப்பதற்கு ஆளே கிடையாது. இந்த நாவலை நான் மற்றவற்றுக்கு மேலே வைப்பது இதனால்தான்.

ஆறாம் படி: குறியீட்டை நகரவிட்டுப் பின்தொடருங்கள்

'ஆப்பிள் என்றால் அறிவு, ஆறு என்றால் எல்லை' என்று சமன்பாடு எழுதாதீர்கள். ஒரு பொருள் முதலில் எங்கே வந்தது, மறுபடி வரும்போது என்ன ஆயிற்று என்று பாருங்கள். நான் யானையை எடுத்துக் காட்டுகிறேன்.

ஜோனாஸின் தங்கை லில்லி கட்டிக்கொண்டு தூங்குவது ஒரு யானைப் பொம்மை. அந்த ஊரில் யானை என்பது கற்பனை உயிர். பிறகு 13-ஆம் அத்தியாயத்தில் ஜோனாஸுக்கு ஒரு நினைவு கிடைக்கிறது. தந்தத்துக்காக ஒரு யானையைச் சுட்டுக் கொல்கிறார்கள். இன்னொரு யானை வந்து செத்துக் கிடப்பதைத் துதிக்கையால் தடவுகிறது, மரக்கிளைகளை ஒடித்து அதை மூடுகிறது, பிளிறுகிறது. அன்று வீட்டில் லில்லியின் பொம்மையைப் பார்த்து, யானை என்று ஒன்று நிஜமாகவே இருந்தது என்கிறான். யாரும் நம்பவில்லை. தங்கைக்கு அப்பா தலைவாரிவிடும்போது இருவர் தோளிலும் கை வைத்து, அந்த யானையைக் கொஞ்சமாவது அவர்களுக்குள் அனுப்பிவிட முயல்கிறான். லில்லிக்குத் தோள் வலிப்பதுதான் மிச்சம்.

யானை எதற்குக் குறியீடு என்று ஒரு சொல்லில் சொல்ல முடியாது. அந்தக் கையழுத்தத்தில் எல்லாம் இருக்கிறது: தனிமை, பாசம், துக்கம் தெரிந்த ஒரு விலங்கு, துக்கம் தெரியாத ஒரு குடும்பம். சறுக்குவண்டியை இதே மாதிரி நீங்களே செய்து பாருங்கள். 11-ஆம் அத்தியாயத்தில் தொடங்கி 23-இல் முடியும்.

ஏழாம் படி: கதைப்பின்னலின் வேகம்

அத்தியாயங்களை எண்ணினால் போதும். ஜோனாஸுக்குப் பணி அறிவிக்கப்படுவது 8-இல். ஊரை விட்டுக் கிளம்புவது 21-இல். தப்பி ஓடுவதுதான் கதை என்று நினைத்து வந்தவர்களுக்கு மூன்றே அத்தியாயம். கவனமாகப் போட்ட திட்டமும் நடக்கவில்லை. காப்ரியேலை மறுநாள் காலை விடுவிக்கப்போகிறார்கள் என்று அப்பா சொன்னதும் அன்றிரவே கிளம்ப வேண்டியதாகிறது. உச்சக்கட்டம் எது என்று கேட்டால் ஓட்டத்தைச் சொல்லாதீர்கள். அது 19-ஆம் அத்தியாயத்தின் அந்த ஊசி.

எட்டாம் படி: கருப்பொருளைக் கேள்வியாக எழுதுங்கள்

'சுதந்திரம்', 'நினைவு' என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் அது தலைப்பு மட்டுமே. லோரி அதே ஏற்புரையில் தன் தந்தையைப் பற்றிச் சொன்னார். வயதான தந்தைக்கு நினைவு மங்கிவந்தது. இளம் வயதில் இறந்துபோன மூத்த மகளின் படத்தைப் பார்த்து, அவளுக்கு என்ன ஆயிற்று என்றே நினைவில்லை என்கிறார். அந்த மறதியில் அவருக்கு வலி இல்லை. வலியை மறப்பது சுகமாக இருக்கலாம், அது பாதுகாப்பானதா என்ற கேள்வி லோரிக்கு அங்கே எழுந்தது.

உங்கள் கேள்வியும் இப்படிக் குறிப்பாக இருக்கட்டும். என் அண்ணன் மகளின் கேள்வியையே நான் எடுத்துக்கொள்வேன்: தெரியாமல் செய்தால் குற்றமா, தெரியாமல் வைத்திருப்பது யார் குற்றம்? முந்தைய படிகளில் சேர்த்ததெல்லாம் இதற்குச் சான்றாக வந்து நிற்கும்.

ஒன்பதாம் படி: முடிவுக்கு இரண்டு பக்கமும் வாதாடுங்கள்

பனிக்கொட்டும் குன்றின் உச்சி. மடியில் காப்ரியேல். அங்கே ஒரு சறுக்குவண்டி காத்திருக்கிறது. கீழே விளக்குகள், பாட்டு. ஜோனாஸ் பிழைத்தானா, குளிரில் செத்துக்கொண்டே கனவு கண்டானா?

நோட்டில் கோடு கிழித்து இரண்டு பக்கமும் எழுதுங்கள். இறந்தான் என்பதற்கு: முதல் நினைவில் வந்த அதே மாதிரிக் குன்று, அதே வண்டி; பட்டினி, உறைபனி, மங்கும் உணர்வு. பிழைத்தான் என்பதற்கு: இந்த இடம் கொடுப்பவரின் நினைவு அல்ல, தன் சொந்த நினைவு என்று அவனுக்கே தெளிவாகத் தோன்றுகிறது. லோரி இதே உலகத்தில் 2000, 2004, 2012-ஆம் ஆண்டுகளில் மேலும் மூன்று நாவல்கள் எழுதினார். அவற்றில் விடை கிடைக்கும். ஆனால் அதைச் சான்றாகக் கொண்டுவராதீர்கள். இந்த நாவலின் 23-ஆம் அத்தியாயத்தை மட்டும் வைத்து வாதாட வேண்டும்.

அந்தக் கடைசி வரியில், விட்டுவந்த ஊரிலிருந்தும் இசை கேட்பதுபோல அவனுக்குத் தோன்றுகிறது; ஒருவேளை வெறும் எதிரொலியாக இருக்கலாம் என்று நாவல் முடிகிறது. ஆங்கில மூலத்தில் கடைசிச் சொல்லே 'எதிரொலி'தான். என் அண்ணன் மகள் தன் நோட்டில் அதையும் முதல் பத்தியில் எழுதிவைத்தாள். பக்கத்தில் இரண்டு பத்தியும் இன்னும் காலியாக இருக்கின்றன.